வருடம் எழுதாத நாற்பது கவர்கள்

அன்பு மகனுக்கு,

அன்றைக்கு போனில், "என் அறையில் கிடக்கிற அந்த ரெண்டு பெட்டியையும் தூக்கிப் போட்டா என்னம்மா, உள்ளே எல்லாம் மீன் குப்பைதானே" என்று கேட்டாய். வாசலில் யாரோ வந்து நின்றதால் பேச்சு அறுந்துபோனது. அதற்குள் இன்னொன்றும் கேட்டாய்: "கடல் ஒண்ணுதானே, நடுவில் சுவரா இருக்கு? இஷ்டத்துக்குச் சுத்துற மீனுக்கு என்ன ஊர், என்ன வம்சம்?" இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டி. அதில் இருப்பவை காகிதக் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மீனின் இரண்டு காதுக்கல், அதாவது அதன் காதுக்குள் வளரும் சின்னக் கற்கள். நகத்துணுக்கு அளவுதான் இருக்கும், சுண்ணாம்பு நிறம். குறுக்கே உடைத்து உருப்பெருக்கியில் வைத்தால் மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாகத் தெரியும். அதை எண்ணித்தான் மீனின் வயதைச் சொல்வோம். என் வேலைக்காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். சில கற்களில் பழுப்பாக ஒரு கறை ஒட்டிக் காய்ந்திருக்கும். ரத்தமும் சவ்வும்தான். கல்லைச் சரியாகக் கழுவவில்லை என்று ஆரம்ப நாட்களில் நான் வாங்காத திட்டு கிடையாது. இன்றைக்கு டிஎன்ஏ எடுப்பவர்கள் அந்தக் கறையைத்தான் தேடுகிறார்கள். நன்றாகக் கழுவிய கல்லைப் பார்த்தால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

நான் ஓய்வுபெற்ற வருடம் அலுவலகத்தில் கிடங்கைக் காலி செய்தார்கள். வயது எண்ணி, கணக்கு ஏற்றி முடித்த கற்களை இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றவை என்ன ஆயின என்று இப்போது நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சரி, சுவருக்கு வருகிறேன். நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் மேயும் காட் மீன் கூட்டம் ஒன்று உண்டு. குளிர்காலம் வந்ததும் முட்டையிட நார்வே கரையோரத்து லோஃபோட்டன் தீவுகளுக்கு வலசை வரும். அந்த ஊர்க்காரர்கள் அதை 'ஸ்க்ரை' என்பார்கள். வருடம் பூராவும் அந்தக் கரையோரத்தை விட்டு நகராத காட் மீனும் அங்கேயே இருக்கிறது. இரண்டும் ஒரே வலையில் விழும். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 1930-களில் குன்னார் ரோலெஃப்சென் என்பவர் இரண்டின் காதுக்கல்லையும் உடைத்துப் பார்த்தார். நடுவில் இருக்கும் முதல் வளையங்களின் வடிவமே வேறாக இருந்தது. இது வளர்ந்த தண்ணீரால் வந்த வித்தியாசமா, பிறப்பிலேயே உள்ளதா என்ற வாக்குவாதம் பல தலைமுறைக்கு ஓடியது.

விடை மரபணுவில் கிடைத்தது. மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழைதான் குரோமோசோம். காட் மீனின் முதல் குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு, வலசை போகும் மீனில் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதனால் என்ன என்பாய். முட்டையும் விந்தும் உருவாகும்போது அப்பாவழி, அம்மாவழி குரோமோசோம்கள் சீட்டுக் கலைப்பதுபோலத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒன்று திரும்பியிருந்தால் அந்த இடத்தில் இரண்டும் பொருந்தாது, மாற்றமும் சரியாக நடக்காது. சீட்டுக்கட்டில் ஒரு பகுதிக்கு மட்டும் ரப்பர் பேண்டு போட்டுவிட்டுக் கலைத்துப் பார், எத்தனை தடவை கலைத்தாலும் அந்தச் சீட்டுகள் பிரியாமல் ஒரே கொத்தாகத்தான் வரும். அப்படித்தான் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கூடவே பயணம் செய்கின்றன. மற்ற இடங்களில் இரண்டு மீனும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நீ கேட்ட சுவர் கடலில் இல்லைடா, மீனுக்குள்ளே இருக்கிறது.

இந்த அடையாளம் கையில் இருந்ததால்தான் 2017-ல் இன்னொரு விஷயம் தெரிந்தது. இன்றைய ஜெர்மனியின் வட கோடியில், பால்டிக் கடல் பக்கமாக, ஹைதாபு என்ற வைகிங் காலத்துச் சந்தை ஊர் இருந்தது. அங்கே தோண்டியபோது கிடைத்த காட் எலும்புகள் சுமார் 800-க்கும் 1066-க்கும் இடைப்பட்டவை. பக்கத்துக் கடலிலேயே காட் கிடைக்கும்போது யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றும். டிஎன்ஏ வேறு சொன்னது. அந்த எலும்புகளில் சில தூர வடக்கின் வலசை மீனுடையவை. அதாவது ஆயிரம் வருடம் முன்னாலேயே காய்ந்த மீனாக அவ்வளவு தூரம் கப்பலேறி வந்திருக்கின்றன. சாப்பிட்டுத் தூக்கிப் போட்ட எலும்பு, கவனித்தாயா? நீ சொன்ன அதே மீன் குப்பை.

இத்தாலியில் மாஸ்ஸிமோ செல்லா என்று ஒருவர். 1910-களிலும் 20-களிலும் மத்தியதரைக் கடலில் பிடித்த நீலத்துடுப்புச் சூரையின் முதுகெலும்புக் கண்ணிகளைச் சேர்த்து வைத்தார். சூரையின் உடம்பில் சிக்கியிருந்த தூண்டில் முட்களைப் பார்த்து, 'இந்த மாதிரி முள் இந்தக் கரையில் கிடையாது, இன்ன ஊரில்தான் கட்டுவார்கள்' என்று மீன் வந்த வழியைக் கண்டுபிடித்த ஆள் அவர். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர். அவர் காலத்தில் டிஎன்ஏ என்ற பேச்சே இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து அதே எலும்புகளிலிருந்து அதை எடுத்து, இன்றைய சூரையோடு ஒப்பிட்டார்கள்.

எல்லா மீனிலும் சுவர் இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஐரோப்பிய விலாங்கு ஆறுகளில் வளர்ந்து, முட்டையிட அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் சர்காசோ கடலுக்குப் போகும். டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் கண்ணாடி இலை மாதிரி இருக்கும் அதன் குஞ்சுகளைத் தேடி வருடக்கணக்கில் கப்பலில் அலைந்து, எங்கே ஆகச் சிறிய குஞ்சு கிடைக்கிறதோ அங்கேதான் பிறப்பிடம் என்று 1920-களில் எழுதினார். எல்லா விலாங்கும் ஒரே இடத்தில் கலந்தால் வம்சம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 2001-ல் ஓர் ஆய்வு இல்லை என்றது. தூரம் கூடக்கூட மரபணு வித்தியாசமும் கொஞ்சம் கூடுகிறது என்று காட்டியது. பெரிய பரபரப்பு. அப்புறம் 2005-ல் வேறு ஒரு குழு, ஒரே இடத்தில் வெவ்வேறு வருடங்களில் வந்த விலாங்கையும் சேர்த்துப் பார்த்தது. ஊருக்கு ஊர் இருந்ததைவிட வருடத்துக்கு வருடம் இருந்த வித்தியாசமே அதிகம். பிற்பாடு சர்காசோவிலேயே பிடித்த குஞ்சுகளைப் பார்த்தும் ஒரே வம்சம் என்றுதான் முடிவானது. வருடத்தைக் கணக்கில் எடுக்காததால் காலத்தின் ஏற்ற இறக்கம் இடத்தின் வித்தியாசம் போலத் தெரிந்திருக்கிறது.

ஹெர்ரிங் என்ற மீனின் கதை இதற்கு நேர் எதிர். ஸ்வீடனின் லெய்ஃப் ஆண்டர்சன் இளைஞராக இருந்தபோது, 1980-களின் தொடக்கத்தில், புரதங்களை வைத்துச் சோதித்த குழுவில் இருந்தார். அட்லாண்டிக் மீனுக்கும் பால்டிக் மீனுக்கும் வித்தியாசமே இல்லை போலத் தோன்றியது. பல வருடம் கழித்து அவரே முழு மரபணுத் தொகுதியையும் படித்தார். பெரும்பகுதி அதே மாதிரிதான், ஆனால் சில இடங்களில் மட்டும் பளிச்சென்று வேறு. வசந்தத்தில் முட்டையிடுவதற்கும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவதற்கும் நாளின் நீளத்தைக் கவனிக்கும் ஒரு மரபணுவில் வித்தியாசம். பால்டிக்கின் கலங்கிய, சிவப்பு வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் கண்ணின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அந்தக் கடலே உவர்நீராகிச் சில ஆயிரம் வருடம்தான் ஆகிறது.

கடைசியாக இளஞ்சிவப்பு சால்மன். அதன் ஆயுள் சரியாக இரண்டு வருடம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், திரும்பி வந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். அதனால் ஒற்றைப்படை வருடத்து மீனும் இரட்டைப்படை வருடத்து மீனும் ஒரே ஆற்றில், அதே கூழாங்கல் மேல் முட்டையிட்டாலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒரே ஆற்றின் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே இருக்கும் மரபணு இடைவெளி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வேறு ஆற்றில் அதே வருடம் வரும் மீனோடு இருக்கும் இடைவெளியைவிடப் பெரியது. இதை முதன்முதலில் படித்த அன்று என்னால் வேலையே ஓடவில்லை.

இப்போது புரிகிறதா, சின்ன வயதில் உன்னை ஏன் அப்படித் திட்டினேன் என்று? ஒரு விடுமுறையில் என்னோடு வந்து உட்கார்ந்து நாற்பது கவரில் தேதி எழுதினாய். அழகாக நாள், மாதம், இடம் எல்லாம் எழுதியிருந்தாய். வருடத்தை மட்டும் விட்டுவிட்டாய். "இந்த வருஷம்தானே, தெரியாதா" என்றாய். அன்று அந்த நாற்பதையும் தனியாக எடுத்துக் கட்டி வைத்தேன், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று. எழுதவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

போன வாரம் அந்தக் கட்டைப் பிரித்தேன். வளையத்தை எண்ணினால் மீனின் வயதுதான் கிடைக்கும், பிடித்த வருடம் கிடைக்காது. பதிவேடு கிடங்கோடு போய்விட்டது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் கோணல் மாணலாக, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால் நீ இடது கையால் எழுதியது அது. சைக்கிளிலிருந்து விழுந்தது நாலாம் வகுப்பு முடிந்த விடுமுறை, மதில் ஏறி விழுந்தது ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறை. இரண்டு தடவையும் அதே கைதான். அப்பா சைக்கிள் என்கிறார், எனக்கு மதில் என்று ஞாபகம்.

எது என்று நீயே யோசித்து, ஒரு வரி எழுது. அதுவரை பெட்டிகள் உன் அறையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா