டூசான் வீட்டாருக்கும் பாளையங்கோட்டை வீட்டாருக்கும்

அன்பானவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகரில் உள்ள மெனோனைட் (போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் மரபுள்ள கிறிஸ்தவப் பிரிவு) தன்னார்வச் சேவை வீட்டுக்கு ஒரு வருடம் என்று போய், இரண்டாம் வருடமும் இருந்துவிட்டு இந்த ஜூலையில் கிளம்பினேன். அங்குள்ளவர்களிடம் விடைபெறும்போதே ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாயிற்று. ஆனால் என்னைத் தாங்கியவர்களில் பாதிப்பேர் நம்மூர்க்காரர்கள். அங்கே யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால் இது தமிழில்.

முதலில் சபையின் ஆதரவுக் குழுவுக்கு. தொண்டர் வீடு ஆர்வத்தில் ஓடுகிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கணக்கு நோட்டில்தான் ஓடுகிறது. நாங்கள் வேலை செய்த அமைப்புகள் எங்களுக்காகக் கொடுக்கும் தொகை வீட்டின் பொதுக்கணக்குக்குப் போகும். வீட்டுச் செலவு, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, போக எங்கள் கைச்செலவுக்குக் கொஞ்சம். அந்தக் கணக்கை மாதாமாதம் நேர்செய்தது நீங்கள். குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் வேறொன்று தேடிக் கொண்டுவந்ததும் நீங்கள். பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டையை ஒரு மாலை முழுக்க முகம் சுளிக்காமல் கேட்டதும் நீங்கள்தான். (கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் போனீர்கள். அன்றைக்குக் கோபமாக இருந்தது. ஆனால் மறுநாள் நாங்களே பேசி முடித்துக்கொண்டோம்.)

உங்களில் மூத்தவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வியட்நாம் போர்க் காலத்தில் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று சொல்லி, அதற்குப் பதிலாக இரண்டு வருடம் மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டியவர் நீங்கள். 1525இல் சூரிச்சில் மெனோனைட்களின் முன்னோரிடம் தொடங்கிய அந்தப் பிடிவாதம், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் மெனோனைட்கள், அவர்களைப் போலவே போரை மறுக்கும் குவேக்கர்கள், பிரெத்ரன் சபையார் என்று சுமார் 12,000 பேரைக் காட்டுத்தீ அணைக்கவும் மனநல மருத்துவமனைகளில் வேலை பார்க்கவும் கொண்டுபோன கதையை அடுக்களையில் நின்றபடி சொன்னீர்கள். 1961இல் அட்லாண்டாவில் வின்சென்ட் ஹார்டிங், ரோஸ்மேரி ஹார்டிங் என்ற கறுப்பினத் தம்பதியர், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் வாழும் மெனோனைட் வீட்டைத் தொடங்கியதையும், மார்ட்டின் லூதர் கிங்கின் வீடு அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருந்ததையும் உங்கள் வாயால்தான் முதலில் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

வீடுகளைப் பழுதுபார்க்கும் ‘சிர்ப்பா’ அமைப்பில் என்னோடு வேலை செய்தவர்களே, ஹூஸ்டனில் பொறியியல் படித்துவிட்டு வந்தவன் கையில் ஸ்பானரைக் கொடுத்து, எதையும் திறந்து பார்க்காமல் பேசாதே என்று பழக்கினீர்கள். டூசான் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏழை வீடுகளில் பெரும்பாலும் ஏசி கிடையாது. கூரைமேல், நனைந்த பேடுகள் வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் தண்ணீர் கூலர்தான். அந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மரநார் பேடுகள் பாறையாக இறுகிவிடும், பம்பு அடைத்துக்கொள்ளும். ஜூலையில் மழைக்காற்று வந்து ஈரம் கூடியதும் நல்ல கூலரும் சும்மா சுற்றும். ‘ரிப்பேர்’ என்று போன் வந்துகொண்டே இருக்கும். சென்னையில் கூலர் ஏன் உதவாது என்பது எனக்கு விளங்கியது அந்தக் கூரைகளின் மேல்தான்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். வாசல் 30 அங்குலம் உயர்ந்திருந்தால் முப்பது அடிப் பலகைப் பாதை. சிறிய முற்றத்தில் அதை எங்கே திருப்புவது என்று பென்சிலை வைத்துக்கொண்டு அரை நாள் மண்டையை உடைத்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பெரியவர், பலகைக்குக் கடைசித் திருகு இறங்குவதற்கு முன்பே கீழே இறங்கிப்போய்த் தபால் பெட்டியைத் திறந்தார். உள்ளே மின்கட்டண பில். “இதுக்குத்தானா அவசரப்பட்டேன்?” என்று சிரித்தார்.

கதவைத் திறந்த வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. முகம் தெரியாத இரண்டு பேரைக் கூரைமேல் ஏறவிட்டீர்கள். டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்த அம்மா, நீங்கள் டிசம்பரில் கொடுத்தனுப்பிய தமாலே (சோளமாவில் வேகவைத்த மெக்சிகோ பலகாரம்) ஒரே இரவில் காலி. என் ஸ்பானிஷைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போனது நீங்கள் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி நம்மூர். அம்மா, நாலு வருடப் படிப்புக்குப் பிறகு சம்பளமில்லாத வேலையா என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள் பதில் சொன்னீர்கள். என்னிடம் கேட்கவே இல்லை. சித்தி, என் கல்விக் கடனில் சில தவணைகளை யாருக்கும் சொல்லாமல் கட்டினீர்கள். இல்லாவிட்டால் முதல் வருடமே திரும்பியிருப்பேன். பாளையங்கோட்டை ஆச்சி, டூசான் சபையில் வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் பாடுவார்கள் என்று நான் சொன்னதும், “பேஸ் பாட ஆள் இருக்கா?” என்றுதான் கேட்டீர்கள். அந்தக் கீழ்க்குரலுக்கு ஆள் இருக்கிறார்கள் ஆச்சி, நிறையவே. நீங்கள் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்து நம் கோயில் விருந்தின் அசனச் சாம்பாரை ஒரு ஞாயிறு அங்கே வைத்தேன். சட்டி வழித்துவிட்டார்கள்.

வீட்டில் என்னோடு இருந்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது; அதெல்லாம் நமக்குள். ஆகஸ்டில் புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். மேல் அலமாரியில் சிவப்பு மூடி டப்பாவில் இருப்பது ரசப்பொடி. அதைப் பாப்கார்னில் தூவ வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை