வரையாடுகளின் மலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூணாறு செல்லும் நம் மாநிலத்தவர் பலர் இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பார்த்துத் திரும்புகின்றனர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை அதன் இயல்பான வாழிடத்திலேயே மிக அருகில் காணக் கிடைக்கும் அரிய இடம் அது. சுமார் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவில் ராஜமலைப் பகுதிக்கு மட்டுமே பயணிகள் அனுமதிக்கப்படுகின்றனர். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. என்னைப் பொறுத்தவரை, அந்தக் கட்டுப்பாடே அம்மலையின் காவல்.

குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படுகிறது என்பதை அறியாமல் பயணம் வகுத்துவிட்டு, வாயிலில் நிற்கும் ஊழியர்களிடம் வாதிடுவது முறையன்று. ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை என்பதற்காக அவற்றைத் தொட முயல்வதும், படமெடுக்கத் தின்பண்டம் நீட்டுவதும் அதைவிட வேதனையானவை. உணவுக்காக மனிதரை நாடப் பழகும் விலங்கு மேய்ச்சலை மறக்கும், நெகிழிப்பையையும் விழுங்கும்.

வரையாடு மட்டுமன்று, சோலைக்காடும் புல்வெளியும் பின்னிக்கிடக்கும் அந்நிலமே காக்கப்பட வேண்டியது. மழையையும் மூடுபனியையும் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளில் நீரைக் கசியவிடுவது அதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கு 2018-இல் பூத்தது. 2030-இல் மீண்டும் பூக்கும்போது கூட்டம் பன்மடங்காகும். பாதையை விட்டு இறங்காமலும் பூவைப் பறிக்காமலும் இருக்குமாறு, தமிழிலும் விளக்கப் பலகைகளை வைத்து, இப்போதிருந்தே பயணிகளைப் பழக்க வேண்டுமென வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்