எழுத்தறிவித்தவருக்கு ஒரு காசும் இல்லையா? ரோமப் பேரரசர் வெஸ்பாசியனுக்கு ஒரு திறந்த மடல்

மாட்சிமை தங்கிய பேரரசர் வெஸ்பாசியன் அவர்களுக்கு,

வணக்கம்.

கி.பி. 79-இல் நோயில் விழுந்தபோது, "அடடா, நான் தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே" என்று நீங்கள் வேடிக்கையாகச் சொன்னதாகப் படித்திருக்கிறேன். இறந்த பேரரசரைத் தெய்வமாக்கிவிடுவது உங்கள் ஊர் வழக்கம். தெய்வத்துக்குப் போட்ட மனு எப்படியும் போய்ச் சேரும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் மொழியில் 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்' என்று ஒரு பழைய வாக்கு உண்டு. (சொல்வதோடு சரி. சம்பளப் பேச்சு வரும்போது இறைவனை யாரும் நினைப்பதில்லை.) அந்த வாக்கை மனசில் வைத்துக்கொண்டு உங்கள் ஆட்சியின் கணக்கைப் பார்த்தேன். ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆசிரியர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் கொடுத்த முதல் ரோமப் பேரரசர் நீங்கள். லத்தீன், கிரேக்கப் பேச்சுக்கலை ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 செஸ்டர்ஸ். ஸ்பெயினிலிருந்து வந்த குயின்டிலியன் அந்தச் சம்பளம் வாங்கியவர். அப்போது உங்கள் படையில் ஒரு சாதாரண வீரருக்கு ஆண்டுக்கு 900 செஸ்டர்ஸ். ஆக, ஒரு பேச்சுக்கலை ஆசிரியர் நூற்றுப் பதினோரு வீரர்களுக்குச் சமம். கைச்சிக்கனத்துக்குப் பேர் போன நீங்கள் இவ்வளவு கொடுத்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் குயின்டிலியன் முன்னால் வந்து உட்காரும் பையனுக்கு ஏறக்குறைய பதினைந்து வயது. அதற்குள் அவன் இரண்டு கை மாறியிருப்பான். ஏழு வயதில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஹோமரையும் வர்ஜிலையும் வரிவரியாகப் பிரித்துக் காட்டிய இலக்கண ஆசிரியர் இன்னொருவர். கடைசியில் வந்து மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்தவருக்கு லட்சம். முதலில் வந்தவருக்கு?

அந்த முதல் ஆசிரியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். கடைத்தெருத் தூண்வரிசையின் நிழலில், தெருச் சத்தத்துக்கும் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு துணித் திரை மட்டும் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர். உங்கள் மொழியில் அந்தப் பள்ளிக்குப் பெயர் 'லூதுஸ்'. விளையாட்டுக்கும் அதே சொல். கத்திச்சண்டை அடிமைகளைப் பழக்கும் கூடத்துக்கும் அதே சொல். எந்தப் பொருளில் பள்ளிக்கு அந்தப் பெயர் வந்ததோ, உள்ளே இருந்த பிள்ளைகளைக் கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த அதே ஆண்டில் வெசூவியஸ் மலை பொம்பெய் நகரை மூடியது. அங்கே ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணியின் வளாகத்துச் சுவரில் ஊர்ச் சந்தைவெளியின் அன்றாடக் காட்சிகளை வரைந்திருந்தார்கள். அதில் ஒரு பள்ளியும் இருக்கிறது. பிள்ளைகள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பையனை இன்னொருவன் முதுகில் தூக்கிக்கொண்டிருக்க, மற்றொருவன் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் அடிக்கிறார். தூண்களுக்கு இடையில் நின்று சிலர் வேடிக்கை பார்க்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் தலை நிமிரவே இல்லை. அந்த ஓவியத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு அடி விழுகிற பையனைவிட அந்தக் குனிந்த தலைகள்தான் உறுத்தின.

பள்ளி விடியும் முன்பே தொடங்கிவிடும். சேவல் கூவுவதற்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறாயே, பையன்களும் பெண்பிள்ளைகளும் வெறுக்கும் மனிதனே என்று பக்கத்து வீட்டு வாத்தியாரைத் திட்டிக் கவி எழுதியிருக்கிறார் மார்ஷியல். (பெண்பிள்ளைகளும் வந்தார்கள் என்பது இந்தத் திட்டில்தான் தெரிகிறது. திட்டினாலும் உபயோகம் இருக்கிறது.) பிள்ளைகள் விளக்கோடு வருவார்கள். அந்தப் புகையில் ஹோரஸ் நிறம் மாறி, வர்ஜில் கறுத்துப் போனதாக ஜுவெனல் என்ற இன்னொரு கவிஞர் சொல்கிறார். கவிஞர்களைச் சொல்லவில்லை, பிள்ளைகள் கையில் இருந்த ஏடுகளைச் சொல்கிறார்.

எழுதுவது மெழுகு பூசிய மரப்பலகையில். எழுத்தாணியின் ஒரு முனை கூர்மை, மறுமுனை தட்டை. தப்பாக எழுதினால் தட்டை முனையால் தேய்த்துவிட்டு மறுபடி எழுதலாம். முதலில் எழுத்துகளின் பெயர், வரிசையாகவும் பின்னிருந்து முன்னாகவும். அப்புறம் அசைகள். அப்புறம் சொற்கள். அதற்கும் அப்புறம்தான் ஒரு வாக்கியம். பிஞ்சு விரலைப் பிடித்து எழுத்தின் மேல் நடத்திச் செல்வார்கள் என்று தத்துவ அறிஞர் செனகா எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் என் கையைப் பார்த்துக்கொண்டேன். எத்தனை விரல்கள்! பலகையில் எழுத்தைக் குழியாகச் செதுக்கிக் கொடுத்தால் எழுத்தாணி தடம் மாறாது, கையைப் பிடிக்கவே வேண்டாம் என்கிறார் குயின்டிலியன். நல்ல யோசனைதான். ஆனாலும் அழுகிற பிள்ளைக்குக் கைதான் வேண்டும், குழி போதாது.

கணக்கு உங்கள் ஊரில் பெரிய பாடு. ஓர் ஆஸ் காசுக்குப் பன்னிரண்டு பங்கு. பன்னிரண்டில் ஐந்து பங்கிலிருந்து ஒன்றை எடுத்தால் மீதி என்ன என்று கேட்பார்கள். நான்கு என்றால் போதாது, 'மூன்றில் ஒன்று' என்று சொல்ல வேண்டும். விரலிலும் கூழாங்கல்லிலும்தான் எண்ண வேண்டும். உங்கள் எண் எழுத்தை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கச் சொன்னால் நானே அழுதுவிடுவேன். 'ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் இரண்டும் நான்கு' என்ற அந்தப் பாட்டு எனக்கு எவ்வளவு வெறுப்பு என்று, உங்களுக்கு முந்நூறு ஆண்டுக்குப் பின் ஆப்பிரிக்காவில் படித்த அகஸ்டின் பெரிய மனிதரான பிறகும் மறக்காமல் எழுதினார். அடி விழக் கூடாதென்று கடவுளை வேண்டிக்கொண்டதையும் எழுதினார்.

அடியை நான் நியாயப்படுத்தவில்லை. குயின்டிலியனும் அடிக்கக் கூடாது, அது அடிமைக்குத் தரும் தண்டனை என்று தெளிவாகச் சொன்னவர். ஆனால் அவரிடம் வந்தவை பெரிய வீட்டுப் பிள்ளைகள், வயதும் கூடியவர்கள், கையில் லட்சம் சம்பளம். தெருத்திண்ணையில், சத்தத்தில், பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக மேய்த்துக்கொண்டு, மாசக் கடைசியில் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாத மனிதரிடமும் பிரம்பு இருந்தது. அதையும் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அவருக்கு என்ன வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹோரஸ் பிறந்த வெனூசியா ஊரில் பிள்ளைகள் பையையும் பலகையையும் இடது தோளில் மாட்டிக்கொண்டு, மாத நடுவில் வரும் ஐட்ஸ் நாளில் எட்டு ஆஸ் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எட்டு ஆஸ் என்றால் இரண்டு செஸ்டர்ஸ். முப்பது பிள்ளைகள், பன்னிரண்டு மாதமும் ஒருவர் பாக்கி வைக்காமல் கொடுத்தால் ஆண்டுக்கு 720. உங்கள் பேச்சுக்கலை ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளத்தைத் தொட அவருக்குக் கிட்டத்தட்ட 139 ஆண்டுகள் ஆகும். அது சிற்றூர், உங்கள் காலத்துக்கு நூறாண்டுக்கும் முந்தைய கணக்கு என்பீர்கள். சரி, இரட்டிப்பாகவே வைத்துக்கொள்வோம். எழுபது ஆண்டு.

ரோமிலேயே படிப்பித்த ஒர்பிலியஸ் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெனவென்டம் ஊர்க்காரர், ஐம்பது வயதில் தலைநகருக்கு வந்து பள்ளி நடத்தினார். இலக்கண ஆசிரியர், அதாவது ஒருபடி மேல். அவரிடம் படித்த ஹோரஸ் அவரை 'அடிவாத்தியார்' என்று நிரந்தரமாகப் பதித்துவிட்டார். ஆனால் பேர் கிடைத்த அளவு பணம் கிடைக்கவில்லை; ஏழையாகிக் கூரை ஓட்டுக்குக் கீழே வாழ்வதாகக் கிழவயதில் எழுதினார். பெற்றோரின் அலட்சியத்தாலும் பேராசையாலும் ஆசிரியர்கள் படும் பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சொந்த ஊரில் சிலை மட்டும் வைத்தார்கள். எங்கேயும் அதுதான் வழக்கம் போலிருக்கிறது.

எழுத்து ஆசிரியர் பலர் அடிமைகளாகவோ விடுதலை பெற்ற அடிமைகளாகவோ இருந்தார்கள் என்பது வேறு. உங்களுக்கு இருநூறு ஆண்டுக்கும் முந்தைய அரசியல் தலைவர் கேட்டோ, வீட்டில் கிலோன் என்ற படித்த அடிமை ஒருவன் இருந்தும், தன் மகனின் காதை ஓர் அடிமை திருகுவதா என்று தானே உட்கார்ந்து பெரிய பெரிய எழுத்தில் வரலாறு எழுதிக் கற்பித்தார். மகனுக்குத்தான் அந்த யோசனை. மற்றவர் பிள்ளைகளுக்குக் கிலோன் பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போய்க் கூட்டிவருபவரும் அடிமைதான். பெயர் 'பெடகோகஸ்'. பலகையைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஓரத்தில் காத்திருப்பார். அப்படி எசமானியின் மகனுடன் போய் வந்து, காதில் விழுந்ததைக் கொண்டே எழுத்துக் கற்றவர் ரெம்மியஸ் பலேமன். அதற்கு முன் நெசவு பழகியவர். விடுதலை பெற்று, உங்கள் இளமைக்காலத்து ரோமில் முதல்தர இலக்கண ஆசிரியராகிப் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு 4,00,000 செஸ்டர்ஸ் சம்பாதித்தார். ஒழுக்கம் சரியில்லாத ஆள் என்று பேரரசர்களே எச்சரித்தும் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். பணம் பண்ணியவர் இல்லாமல் இல்லை. ஆனால் அவரும் எழுத்தை விட்டு இலக்கணத்துக்கு ஏறிய பிறகுதான் பண்ணினார்.

ஏறாமல் அங்கேயே இருந்தவர்களில் ஒருவரின் கல்லறை வரிகள் காப்புவாவில் கிடைத்திருக்கின்றன. ஃபியூரியஸ் ஃபிலோகலஸ், எழுத்துப் பள்ளி ஆசிரியர். மாணவர்களிடம் மாசில்லாமல் நடந்துகொண்டார், யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று இருக்கிறது. அதோடு, நம்பிக்கையாக உயில் எழுதிக் கொடுத்தார், கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பவில்லை என்றும் இருக்கிறது. உயிலும் எழுதினால்தான் அடுப்பு எரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்குப் பிறகு நிலைமை மாறியதா என்று கேட்பீர்கள். கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைவாசி உத்தரவு போட்டார். எழுத்து ஆசிரியருக்குப் பிள்ளைக்கு மாதம் 50 தெனாரியஸ், இலக்கண ஆசிரியருக்கு 200, பேச்சுக்கலை ஆசிரியருக்கு 250. அதே உத்தரவில் தச்சருக்கு நாளுக்கு 50, சாப்பாடும் உண்டு. தச்சரைத் தொட முப்பது பிள்ளைகள் வேண்டும். சாப்பாடு கணக்கில் இல்லை.

இலக்கண ஆசிரியர்களையும் பேச்சுக்கலை ஆசிரியர்களையும் கட்டாய ஊர்ப்பணிச் சுமைகளிலிருந்து விலக்கி வைக்கும் வழக்கம் உங்கள் காலத்திலேயே வேர்விட்டது. எழுத்து ஆசிரியருக்கு அந்த விலக்கு கிடையாது என்று சட்ட அறிஞர் உல்பியன் எழுதி வைத்திருக்கிறார். சக்திக்கு மீறிச் சுமத்தாமல் பார்த்துக்கொள்வது ஆளுநரின் மனச்சாட்சியைப் பொறுத்தது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சலுகை வேண்டாம், கொஞ்சம் பாவம் பார்க்கவும் என்று அர்த்தம்.

பெற்றோர் கொடுக்கட்டுமே, அரசு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குச் சற்றுப் பின்னால் வந்த பிளினி தன் ஊர் கோமுமில் அப்படித்தான் செய்தார். ஆசிரியர் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறேன், மீதியை நீங்கள் போடுங்கள், சொந்தக் காசு போனால்தான் நல்ல ஆளாகப் பார்த்துச் சேர்ப்பீர்கள் என்றார். புத்திசாலித்தனமான பேச்சு. ஆனால் அது மிலானுக்குப் பிள்ளையை அனுப்பிப் படிக்கவைக்க வசதியுள்ளவர்களோடு பேசிய பேச்சு.

உங்களிடம் ஒரு பொறியாளர் வந்து, பெரிய தூண்களை மலிவாகக் கேபிட்டல் குன்றுக்குக் கொண்டுபோக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்றாராம். பரிசு கொடுத்தீர்கள், வழியை ஏற்கவில்லை. கூலி வேலை போய்விட்டால் என் ஏழை ஜனங்கள் சாப்பிட வேண்டாமா என்றீர்கள். அதைச் சொன்ன மனிதரிடம்தான் கேட்கிறேன், அந்த ஜனங்களின் பிள்ளைகளுக்குக் குயின்டிலியன் எதற்கு? அவர்களுக்குப் பெயரெழுதவும் கடைக்கணக்குப் பார்க்கவும் ஓர் ஆள் போதுமே.

வழக்குமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் பேசத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது, அதனால் அங்கே காசைப் போட்டீர்கள். புரிகிறது. ஆனால் உங்கள் சம்பளக்காரரே என்ன சொன்னார் பாருங்கள். மாசிடோனிய அரசர் பிலிப், மகன் அலெக்சாண்டருக்கு முதல் எழுத்தையே அரிஸ்டாட்டில் சொல்லித்தர வேண்டும் என்று விரும்பினாரே, தொடக்கத்தை ஆகச் சிறந்தவர் கையில் கொடுப்பதுதான் நல்லது என்று நம்பியதால்தானே என்று கேட்டவர் குயின்டிலியன். (அரிஸ்டாட்டில் வந்தபோது அலெக்சாண்டருக்குப் பதின்மூன்று வயது, எழுத்தெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். அது கிடக்கட்டும்.) லட்சம் வாங்கிக்கொண்டு அவர் இதைச் சொன்னார். உங்கள் பேரேட்டில்தான் அது ஏறவில்லை.

பொதுக் கழிப்பிடங்களின் சிறுநீருக்கு நீங்கள் வரி போட்டபோது உங்கள் மகன் டைட்டஸ் முகம் சுளித்தார். முதல் வசூலில் வந்த காசை அவர் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டீர்கள். அந்தப் பணத்திலிருந்தே ஒரு பங்கைத் தூண் நிழலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு ஒதுக்குங்கள். அவர் முகர்ந்து பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை