மேடையேறத் தயங்கும் மகளுக்காக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிப் பேச்சுப் போட்டிக்குத் தானே பெயர் கொடுத்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று உன் மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். நானும் அவளைப் போல் அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்தபடி, பிறந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் செய்தி. சென்ற மாதம் அலுவலகக் கூட்டத்தில் அரங்கு நிறைந்த ஆட்கள் முன் தனியாக நின்று பேசினேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கிவிட்டு உன்னைப் பதில் சொல்ல விட்டவன் நான் என்பது உனக்குத்தான் தெரியும்.

குரல் மாறிவிடவில்லை. குழந்தையிலேயே பிளவைத் தைத்துவிட்டாலும், சிலருக்கு அண்ணத்தின் பின்பகுதி மூக்குக்குப் போகும் வழியை முழுதாக அடைப்பதில்லை. க, ச, ட, த, ப எல்லாம் வாய்க்குள் காற்றை அடக்கிச் சொல்ல வேண்டியவை. காற்று மூக்கு வழியே நழுவினால் அவை வலுவிழந்துவிடும். பேச்சுப் பயிற்சியாளர் மூக்கின் கீழ் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து 'மாமா' சொல்லச் சொல்வார், ஆவி படியும். 'பாப்பா' சொன்னால் படியக் கூடாது. எனக்கு இன்றும் லேசாகப் படிகிறது.

பேச்சு சீராக அவளைப் பலூன் ஊதிப் பழகச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். அது உதவாது. ஊதும்போது அண்ணம் இயங்கும் விதம் வேறு, பேசும்போது வேறு. எந்த எழுத்து வரவில்லையோ அதையே சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் பயிற்சி மட்டும் போதாது, இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடு.

இனி பயத்துக்கு வருகிறேன். கேலி செய்தவர்களைவிட, புரியாமலே தலையாட்டியவர்கள்தான் என்னை அதிகம் ஒடுக்கினார்கள். ஜெர்மன் தத்துவ அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸும் அண்ணப் பிளவோடு பிறந்தவர். 2004இல் கியோட்டோவில் ஆற்றிய உரையில், தன் பேச்சு மற்றப் பிள்ளைகளுக்குச் சரியாகப் புரியாமல் பள்ளியில் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் பேசி ஒருவரையொருவர் புரிந்துகொள்வதைப் பற்றியே வாழ்நாளெல்லாம் சிந்தித்தவர் அவர். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. புரியவைக்கும் பாரம் என் ஒருவன் தலையில் மட்டும் இல்லையே!

அதனால் கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன்: "நான் அண்ணப் பிளவோடு பிறந்தவன். ஏதாவது சொல் புரியவில்லை என்றால் கை தூக்குங்கள், மறுபடி சொல்கிறேன்." சற்று நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். 'கட்டுப்பாடு' என்பது அவருக்கு விளங்கவில்லை. நிறுத்தி, அசை பிரித்துச் சொன்னேன். தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை என்னால் நம்ப முடிந்தது. அதற்குப் பிறகு என் கால்கள் நடுங்கவில்லை. முன்பெல்லாம் குரலை உயர்த்தி உயர்த்தித் தொண்டை கட்டிவிடும். இம்முறை மைக்கைப் பக்கத்தில் வைத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக, வழக்கமான குரலிலேயே பேசினேன்.

உன் மகளிடம் "நன்றாகத்தானே பேசுகிறாய்" என்று மட்டும் சொல்லாதே. எது வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னைப் போல் முதலிலேயே சொல்வதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இந்த முறை மேடை ஏறாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. ஏறுவதாக இருந்தால் தேதியை எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு முன் ஒரு நாள் அவளைத் தொலைபேசியில் என்னோடு பேசச் சொல். எங்கள் இருவருக்கும் தகராறு செய்கிற எழுத்துகள் ஒன்றுதானே.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்