போபண்ணாவின் வெற்றிக்கு வயது மட்டுமா விளக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணாவின் ஓய்வையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பத்திக்குப் பத்தி அவருடைய வயதையே வியந்திருந்தது. 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் முதன்முறையாக முதலிடம் பிடித்தவரைப் பற்றி எழுதுகையில் வயதைச் சொல்லாமல் இருக்க முடியாதுதான். ஆனால், அந்த வயதில் அவரால் எப்படி ஆட முடிந்தது என்பதற்கு, 'விடாமுயற்சி' என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர கட்டுரையில் வேறு விளக்கமே இல்லை.

2017 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் இரட்டையர் இறுதியாட்டத்தை நேரில் பார்த்தவன் நான். நம் ஜீவன் நெடுஞ்செழியனுடன் சேர்ந்து ஆடிய போபண்ணா, பூரவ் ராஜா – திவிஜ் சரண் இணையை 6-3, 6-4 என்று வென்றார். அன்று அவர் பெரிதாக ஓடியதாகவே எனக்கு நினைவில்லை. அவருடைய முதல் சர்வைத் திருப்புவதே எதிரணிக்குப் பெரும்பாடாக இருக்க, தட்டுத்தடுமாறி வரும் பந்தை வலையருகே காத்து நின்ற ஜீவன் அடித்து முடித்துவிடுவார். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்பு இருவரும் வாயை மறைத்துக்கொண்டு கூடிப் பேசுவார்கள். பெரும்பாலும் பேசுபவர் மூத்தவர், தலையசைப்பவர் இளையவர்.

இரட்டையர் ஆட்டத்தில் கால்களைவிட சர்வும், வலையருகே கைவேகமும், பந்து எங்கே வரும் என்ற முன்னறிவும்தான் முக்கியம். வழக்கமான ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) போட்டிகளில் மூன்றாவது செட்டுக்குப் பதில், 10 புள்ளிகளுக்கு ஆடும் டை-பிரேக் என்ற குறுகிய முடிவாட்டம்தான் என்பதும் மூத்த உடம்புக்கு ஒரு சலுகை. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஆண்கள் இரட்டையரில் அந்தச் சலுகை கிடையாது. 2024 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் அவரும் மேத்யூ எப்டனும் மூன்றாவது செட்டை முழுமையாக ஆடி, அதன் டை-பிரேக்கில்தான் தப்பினார்கள். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய் வலி மாத்திரைகளோடு ஆடிக்கொண்டிருந்தவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் ஐயங்கார் யோகாவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், ஐந்து மாதங்களாக ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியாமல், விளையாட்டையே விட்டுவிட எண்ணியிருந்தார்.

ஒரு திருத்தமும் உண்டு. கட்டுரை சொல்வதுபோல், மெல்போர்னில் வென்ற அந்த 2024 ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் அல்ல. 2017இலேயே கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றிருக்கிறார். ஆண்கள் இரட்டையரில்தான் அது முதல் பட்டம்.

ஒற்றையரில் 213ஆவது இடத்தைத் தாண்டாத ஒருவர் இரட்டையரையே தம் தொழிலாக்கிக்கொண்ட கதை இது. அந்த ஆட்டத்துக்கோ நம் விளையாட்டுப் பக்கங்களில் மூலையில் இரண்டு வரிதான் கிடைக்கிறது, அதுவும் இடமிருந்தால். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் இணையாக ஆடிய என். ஸ்ரீராம் பாலாஜி கோயம்புத்தூர்க்காரர். அடுத்த முறை அவர் களமிறங்கும்போது, ஸ்கோரோடு நிறுத்தாமல், ஆட்டம் எப்படிப் போனது என்பதையும் தாங்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சென்னை