கடல் பக்கத்து லேனில் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஆஸ்திரேலியாவின் கடலோர ஊர் லார்னிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடலைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தாள். இளைத்துவிட்டாய் என்கிறாள். வெயில் எதிரே அடித்தால் யார் முகமும் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ரொம்ப நேரம் பார்த்தது டிரைவர் சீட்டிலிருந்து நீ எடுத்த படத்தை. பக்கத்து சீட்டில் சாமான் பை. அதற்குக் குறுக்கே சீட் பெல்ட் மாட்டியிருக்கிறாய். நல்ல காரியம். சட்டென்று பிரேக் மிதித்தால் கட்டாத சாமான் எல்லாம் முன்னால் வந்து விழும். இதை நான் உனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. நீயாக யோசித்துச் செய்திருக்கிறாய்.

மலை ரூட்டில் பஸ் ஓட்டியே ரிட்டயரானவன் சொல்கிறேன், அந்த கிரேட் ஓஷன் ரோட்டில், உள்ளேயே சமைத்துத் தூங்குகிற அவ்வளவு உயரமான வேனை ஓட்டுவது சின்ன விஷயம் இல்லை. நம் வீட்டில் எனக்கு அடுத்து கனரக வண்டி மாதிரி ஒன்றை ஓட்டுவது உன் அண்ணனாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீ டார்க்கீயில் தொடங்கி மேற்கே போகிறாய் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன். அங்கே இடப்பக்கம் ஓட்டுவதால் மேற்கே போகிறவர்களுக்குக் கடல் பக்கத்து லேன். காட்சிமுனைகளில் ஒதுங்கும்போது பெரும்பாலும் எதிர் லேனைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பள்ளமும் உன் பக்கம்தான். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதே, கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடு. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் பதற்றப்படாதே. ஒதுங்கும் இடம் வரும், ஒதுங்கி விட்டுவிடு. அவர்கள் அவசரம் அவர்களோடு.

இரவு எங்கே நிறுத்துகிறாய் என்று ஒரு வரி எழுது என்று போன தடவையும் கேட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அந்த ரோட்டோரக் காட்சிமுனைகளில் இரவு தங்க அனுமதி இல்லை என்பது உனக்கே தெரியும். கேம்பிங் மைதானத்திலோ கேரவன் பார்க்கிலோ நிறுத்து. நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள், விளக்கு இருக்கும், தண்ணீர் இருக்கும். ஜூன் மாதத்தில் ஐந்தேகாலுக்கே சூரியன் இறங்கிவிடுகிறது. நாலு மணிக்கு மேல் ஓட்டாதே. பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும்தான் கங்காரு ரோட்டுக்கு வரும். வந்தால் நேராகப் பிரேக் அடி, ஸ்டியரிங்கை ஒடிக்காதே. அந்த உயரத்துக்கு வேன் புரண்டுவிடும்.

அப்புறம் கேஸ். இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிர் அதிகமாக இருக்கிறது, ஹீட்டர் சரியாகச் சூடேறவில்லை என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுத்துவிடாதே. மூடின வேனுக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி வந்து, அசதியாக இருக்கிறதே என்று கண்ணை மூடினால் அவ்வளவுதான். சமைக்கும்போது ஜன்னலையும் மேலே இருக்கிற காற்றுத் திறப்பையும் திறந்து வை. முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடு. கிளம்புவதற்கு முன் மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் இறங்கிப் பார். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மறந்தது இன்னொருவருக்கு ஞாபகம் வரும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சொல்லிக்கொண்டே போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஈஸ்டர்ன் வியூவில் ரோட்டுக்கு மேலே இருக்கும் அந்த மர வளைவின் கீழ் வேனை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாய். பக்கத்திலேயே கடப்பாறைக்காரர்கள் சிலை இருக்குமே, பார்த்தாயா? முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் 1919இல் தொடங்கி 1932 வரை கையாலேயே வெட்டிய ரோடு அது. கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி. போரில் செத்துப்போன கூட்டாளிகளின் நினைவாக. முதல் தடவை நாம் எல்லாரும் போனபோதே அந்தச் சிலையின் முன்னால் எனக்கு நகர மனம் வரவில்லை. என்னென்ன பார்த்துவிட்டு வந்திருப்பார்கள் அந்தப் பையன்கள்! யாரிடமும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பாறை, அடுத்த பாறை என்று உடைத்துக்கொண்டே போயிருப்பார்கள். நீ ஏன் இந்தக் குளிரில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினாய் என்று அம்மா கேட்டபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் நீ கிளம்பினதை உன் சித்தி மகள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? அது எனக்கு வருத்தம். எழுதிவிட்டேன், விட்டுவிடுகிறேன்.

இதைப் படிக்கும்போது நீ அப்பல்லோ பேயைத் தாண்டியிருப்பாய். அங்கிருந்து ரோடு கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் ஏறும். லேவர்ஸ் ஹில் வரை வளைவுக்கு மேல் வளைவு, போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். டீசலை அப்பல்லோ பேயிலேயே நிரப்பிவிடு. உன் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அவசர எண் 000 போகும், அதை நினைவில் வை. காட்டுக்குள் நுழையும் முன் ஒரு செய்தி, வெளியே வந்ததும் ஒரு செய்தி. எனக்கு அனுப்ப வேண்டாம் என்றால் அண்ணனுக்கு அனுப்பு.

போர்ட் கேம்ப்பெல் பக்கம் வேலியைத் தாண்டாதே. சுண்ணாம்புப் பாறை, அடியில் அலை அரித்திருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. கடலில் நிற்கிற அந்தப் பாறைத் தூண்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர்தானே தவிர அங்கே பன்னிரண்டு பாறைகள் இருந்ததே இல்லை. இருந்ததிலும் ஐம்பது மீட்டர் உயரத் தூண் ஒன்று 2005 ஜூலையில் நொடியில் சரிந்தது. லண்டன் பிரிட்ஜ் என்கிற பாறைப் பாலத்தில் 1990இல் கரையை ஒட்டிய வளைவு கடலில் விழுந்து, நுனியில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டர் வந்து எடுத்தார்களாம், பலகையில் படித்தோமே.

லாக் ஆர்ட் பள்ளத்தாக்கில் நின்றால் எனக்காகக் கொஞ்ச நேரம் கூடுதலாக நில். லாக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே மோதி மூழ்கியது 1878 ஜூன் 1. கப்பலில் ஐம்பத்து நாலு பேர், பிழைத்தது இரண்டே பேர். டாம் பியர்ஸ் அலையில் நீந்திப் போய் அந்த ஏவா கார்மைக்கேலை இழுத்து வந்து குகையில் சேர்த்து, பாறை ஏறி ஆள் கூட்டி வந்தான். பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் என்று கப்பலில் அவளோடு வந்த குடும்பம் முழுக்கப் போய்விட்டது. அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகும் என்று ஊரே ஆசைப்பட்டதாம். ஆகவில்லை. உடம்பு தேறிச் சுமார் மூன்று மாதத்தில் அவள் அயர்லாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டாள்.

நாம் எல்லாரும் அங்கே நின்ற அன்றைக்கு அம்மா, “காப்பாற்றினவனைக் கட்டிக்கொண்டிருக்கலாமே” என்றாள். நீ வெடுக்கென்று, “காப்பாத்தினா கட்டிக்கணுமா?” என்றாய். மாப்பிள்ளை எதுவும் பேசாமல் காருக்குப் போய்விட்டார். நான் உன்னைப் பார்த்தேன், நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இந்தப் படங்கள் வந்ததிலிருந்து அந்த நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எதையும் கேட்கவில்லை பாப்பா. நீ சொல்கிறபோது சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. யார் பக்கம் நியாயம் என்று கணக்குப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை. அம்மா கொஞ்சம் அழுவாள், உறவுக்காரர்கள் கொஞ்சம் பேசுவார்கள். அந்த இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீ ஒரு வார்த்தையையும் மனதுக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை. இதை எழுத எனக்கு இவ்வளவு தூரம் கேஸ் சிலிண்டரும் டீசலும் தேவைப்பட்டது.

ஆலன்ஸ்ஃபோர்டில் அந்த ரோடு முடிந்த பிறகு அப்படியே வாரனம்பூல் போய்விடு. லோகன்ஸ் பீச்சில் திமிங்கிலங்கள் குட்டி போட வரும் மாதம் இது. பார்ப்பதற்கு மேடை கட்டியிருக்கிறார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், ஒரு நாள் கூட இருந்து பார். திரும்பும்போது கோலாக் வழியாக நெடுஞ்சாலையிலேயே வந்துவிடு, வளைவு எல்லாம் ஒரு தடவை போதும். குறுக்கு வழி என்று மண்சாலையில் இறங்காதே. வாடகை வேனுக்கு அங்கே இன்சூரன்ஸ் செல்லுமா என்று பத்திரத்தைப் பார்த்துக்கொள்.

எங்கள் விசா இன்னும் காலாவதியாகவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா, நான் மட்டும் வரட்டுமா, இல்லை நீ இங்கே வருகிறாயா? எது உனக்குச் சுலபமோ அதைச் சொல். வேனைத் திருப்பிக் கொடுக்கும் தேதி தெரிந்தால் அதற்கு அடுத்த வாரத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா