காலி லோரியின் எடை

சுங்கை சிப்புட்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று தங்கச்சி சொன்னால் கேள். இங்கே மழை விட்டபாடில்லை. நம் லயத்தின் கடைசி வரிசையையும் போன மாதம் இடித்துவிட்டார்கள். கோயிலும் அந்த மாமரமும்தான் மிச்சம். சுற்றிலும் செம்பனைக் கன்று நட்டாயிற்று.

சரி, சண்டைக்கு வருகிறேன். "கோபுரமே ராக்கெட்டைக் கையில் ஏந்திவிட்டது, இனி ஒரே கட்ட ராக்கெட்தான் பாக்கி" என்று எழுதியிருக்கிறாய். வழியில் எதையும் கழற்றிப் போடாமல் முழுசாகச் சுற்றுப்பாதைக்குப் போய், முழுசாகத் திரும்பி இறங்கும் ராக்கெட். முப்பது வருடமாக இதே பாட்டு! 1993இல் டிசி-எக்ஸ் என்ற சோதனை ராக்கெட்டின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கடை மேசையில் விரித்தாயே, நினைவிருக்கிறதா? நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கூம்பு போன்ற ஒன்று எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, தன் நெருப்பின் மேலேயே மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அது சின்ன மாதிரிதான், சுற்றுப்பாதைக்குப் போகாது என்று நான் சொன்னதை நீ காதில் வாங்கவே இல்லை. 1996 ஜூலையில் அதன் நான்கு கால்களில் ஒன்று விரியாமல் சாய்ந்து எரிந்துபோனது. ஒரு குழாயை மாட்டாமல் விட்டதுதான் காரணம். நான் சிரித்தேன், நீ இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

சிரித்தது தப்பு. இறங்கும் விஷயத்தில் நீதான் ஜெயித்தாய். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம், அதாவது பாதி வழியில் கழன்று விழும் அடிப்பாகம், ஃபுளோரிடாவில் வந்து நின்றபோது அங்கே இரவு, இங்கே காலை. அது நின்ற விதம்தான் எனக்கு இன்னும் வியப்பு. எரிபொருள் தீர்ந்த உடம்பு அவ்வளவு லேசு. ஒன்பது எந்திரத்தில் ஒன்றை மட்டும் அடக்கி எரித்தாலும் மறுபடி மேலே தூக்கிவிடும். அந்தரத்தில் நின்று யோசிக்க வழியில்லை. தரையைத் தொடும் கணத்தில் வேகம் சுழியாக வேண்டும். 2024 அக்டோபரில் ஸ்டார்ஷிப்பின் முதல் கட்டத்தை ஏவுதளக் கோபுரம் பிடித்ததைப் பேரன் கைப்பேசியில் காட்டினான். ஞாயிறு இரவு, தோசை ஆறிப்போனது.

ஆனால் ஒரே கட்டம் வேறு கதை. முப்பத்தோரு வருடம் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். லோரி குலையோடு வரும்போது 25 டன், கொட்டிவிட்டுப் போகும்போது 10 டன், வித்தியாசத்துக்குத்தான் காசு. சில ஓட்டுநர்கள் வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, உதவியாளையும் ஏற்றி வருவார்கள். போகும்போது தொட்டி வற்றியிருக்கும், உதவியாள் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருப்பான். காலி எடையைக் குறைத்தால் லாபம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது 100 டன் ராக்கெட் ஒன்றை என் மேடையில் ஏற்று. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரித்து ஒரே கட்டத்தில் சுற்றுப்பாதைக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 94 டன் வழியிலேயே எரிந்துவிடும். ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903இல் போட்ட கணக்கு, யாரிடமும் பேரம் பேசாது. மிச்சம் ஆறு டன்னுக்குள் தொட்டி, எந்திரம், சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். முடியாதது என்று சொல்லமாட்டேன். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் ஏறிப்போன அட்லஸ் ராக்கெட்டின் எஃகுத் தொட்டி அவ்வளவு மெல்லியது. உள்ளே அழுத்தம் இல்லாவிட்டால் தன் எடையிலேயே நசுங்கிவிடும். அதுகூட வழியில் இரண்டு எந்திரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனது. நீயோ வெப்பக் கவசமும் காலும் இறங்குவதற்கு எரிபொருளும் அந்த ஆறு டன்னிலேயே வை என்கிறாய். சரக்கை எங்கே வைப்பது, தலையிலா?

ஹைட்ரஜன் என்பாய். மிச்சம் 12 டன்னாகும், உண்மை. ஆனால் திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 70 கிலோதான், பஞ்சு மூட்டை மாதிரி. தொட்டி பூதமாக வளரும். ஒரே கட்ட ராக்கெட்டுக்கு முன்னோட்டமான எக்ஸ்-33க்காக, இழைகளைப் பசையோடு அடுக்கிச் செய்த தொட்டி 1999 சோதனையில் அடுக்கு அடுக்காக உரிந்துகொண்டது. 2001இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

நம் தோட்டத்தையே பார். டிராக்டர் சேற்றுக்குள் போய்க் குலையைச் சாலையோரம் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆலை வரைக்கும் ஓடுவது லோரி. டிராக்டரில் கொஞ்சம் இரும்பு கூடினால் யாருக்கும் தெரியாது. முதல் கட்டமும் அப்படித்தான்: சுற்றுப்பாதை வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாமல் திரும்புகிறது, அதில் பல கிலோ கூடினால்தான் சரக்கில் ஒரு கிலோ குறையும். ஒரே கட்டத்தில் கிலோவுக்குக் கிலோ போய்விடும். ஃபால்கனின் இரண்டாம் கட்டத்தை இன்னும் ஒவ்வொரு முறையும் இழக்கத்தான் செய்கிறார்கள். உன் வாதத்தை அங்கே வைத்தால் நானும் கூடக் கத்துவேன்.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1969இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து ஒரே கட்டத்தில்தான் கிளம்பினார்கள். அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. உன் ராக்கெட்டுக்கு ஊர் மாற்றிக் கொடுத்தால் ஓடும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ வருவதாக எழுதியிருந்தாய். அப்படியே இங்கும் வந்து நாலு நாள் இரு. அந்தப் பத்திரிகைத் துண்டு இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா, பேரன் பார்க்க வேண்டுமாம். கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை. அது என் தேநீர்தான்.

அன்புடன்,
ராசு